மூணு பிள்ளைகள் இருக்கும் ஒரு கண்ணாடிப் படம்

ராத்திரி முழுக்க அமோஸ் ஹியூமிஸ்டன் நினைப்புதான்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்னா லிங்கன், கிராண்ட், லீ என்று பெரிய தலைகள்தான் ஞாபகம் வரும். ஹியூமிஸ்டன் அந்தப் போரில் 154வது நியூயார்க் காலாட்படையில் ஒரு சார்ஜென்ட், அவ்வளவுதான். அதற்கு முன்னால் திமிங்கில வேட்டைக் கப்பலில் போனவர், பிறகு குதிரைச் சேணம் தைத்துப் பிழைத்தவர். ஊர் நியூயார்க் மாநிலத்துப் போர்ட்வில். மனைவி ஃபிலிண்டா, மூன்று பிள்ளைகள்.

1863 ஜூலை 1, பென்சில்வேனியா மாநிலத்துக் கெட்டிஸ்பர்க் ஊரில் நடந்த சண்டையில் செத்துப்போனார். கையில் பிள்ளைகளின் கண்ணாடிப் படம், அதாவது கண்ணாடித் தகட்டில் எடுத்த புகைப்படம். பெயர், ஊர் தெரிய ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அப்போது செய்தித்தாளில் புகைப்படம் அச்சிட வழியில்லை. அதனால் இவர் யாரென்று கண்டுபிடிக்க, படத்தை வார்த்தையாலேயே எழுதிப் போட்டார்கள்: நடுவில் உயரமான நாற்காலியில் கடைக்குட்டி, இரண்டு பக்கமும் அண்ணனும் அக்காவும். பெரியவன் சட்டையும் தங்கச்சி கவுனும் ஒரே துணி.

அந்த ஒரே துணியில்தான் நான் நின்றுவிட்டேன். மிச்சத் துணியை வீணாக்காமல் தைக்கிற அம்மாவை யாருக்குத்தான் தெரியாது!

கெட்டிஸ்பர்க்கிற்குப் பிறகு புருஷனிடமிருந்து கடிதமே வராத ஃபிலிண்டா அதைப் படித்திருக்கிறார். விசாரித்து எழுத, நவம்பரில் படத்தின் நகல் வந்தது. புருஷனுக்கு அவர் அனுப்பியிருந்த அதே படம்.

பிறகு அந்தப் படத்தின் பிரதிகளை விற்றுப் பணம் திரட்டி, 1866இல் கெட்டிஸ்பர்க்கிலேயே போர்வீரர்களின் பிள்ளைகளுக்கு ஒரு அநாதை இல்லம் திறந்தார்கள். ஃபிலிண்டா அங்கே வேலைக்குப் போனார், மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அப்பா விழுந்த அதே ஊருக்கு.