சாந்திவனத்தில் மூன்று நாள் தங்குவோர்க்கு

திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில், குளித்தலைக்குச் சற்று முன்னால் இருக்கிறது தண்ணீர்ப்பள்ளி. திருச்சியிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. பேருந்தில் ஏறும்போதே அங்கே நிற்குமா என்று நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிற்காத வண்டி என்றால் குளித்தலையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ரயிலில் வருவோருக்கும் குளித்தலைதான் நிலையம். சாலையை விட்டுக் காவிரிப் பக்கம் திரும்பினால் மரங்களுக்கு நடுவே சச்சிதானந்த ஆசிரமம் என்ற கத்தோலிக்கத் துறவு இல்லம். சாந்திவனம் என்ற பெயரில்தான் பலருக்கும் அது பழக்கம்.

நுழைவாயிலில் சிறு கோபுரம். அதில் மூன்று முகம் கொண்ட ஒரு திருவுருவம் சிலுவையிலிருந்து எழுகிறது. தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளை மூர்த்தியாக வடித்திருக்கிறார்கள். வேகமாக உள்ளே போய்விடாதீர்கள். ஆசிரமத்தின் பெயருக்குப் பொருள் இங்கேயே கிடைக்கிறது. சத், இருப்பின் ஊற்றான தந்தை. சித், அந்த இருப்பு தன்னை அறியும் அறிவு, வார்த்தையான மகன். ஆனந்தம், இருவரிடையே பொங்கும் அன்பு, தூய ஆவி. மறைக்கல்வி வகுப்பில் மூன்று இலைக் கிளையைக் காட்டிச் சொல்லித்தந்த திரித்துவம், இங்கே தியானிக்கத்தக்க அனுபவமாகிறது.

1950 மார்ச் 21, புனித பெனடிக்ட் திருநாளன்று, பிரான்சு நாட்டவரான ஜூல் மொன்ஷானென், ஆன்றி லெ சோ என்ற இரு குருக்கள் இதைத் தொடங்கினார்கள். அப்பமும் இரசமும் படைக்கும் கத்தோலிக்க வழிபாடான திருப்பலி இலத்தீனில் நடந்த காலம் அது. வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் தந்த ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடுவதற்கு இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன. காவி உடுத்தி, தரையில் அமர்ந்து, சைவ உணவு உண்டு, கிறிஸ்தவத் துறவு இந்த மண்ணில் இப்படித்தான் வேர்விடும் என்று அவர்கள் நம்பினார்கள். லெ சோ பிறகு அபிஷிக்தானந்தர் ஆனார். 1949-லேயே திருவண்ணாமலையில் ரமணரைத் தரிசித்தவர். மொன்ஷானென் 1957-இல் காலமானார். 1968-இல் கேரளத்தின் குருசுமலை ஆசிரமத்திலிருந்து வந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் பொறுப்பேற்று, 1993-இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவரது சமாதி வளாகத்துக்குள் இருக்கிறது.

கோயிலின் மூலஸ்தானத்தை இருட்டாகவே வைத்திருக்கிறார்கள். உள்ளே கல் பீடமும், திருப்பலியில் அர்ச்சித்த அப்பமான நற்கருணையை வைக்கும் பேழையும். இதயக் குகையில் இறைவன் உறைகிறான் என்பதற்கு அந்த இருட்டு அடையாளம். மின்விளக்கும் மாலையும் நிறைந்த பலிபீடங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் வெறுமையாகத் தோன்றும். கால் மணி நேரம் உட்காருங்கள், கண் பழகும். மேலே விமானத்தின் அடியில், விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் வரும் நான்கு உயிர்கள்: சிங்கம், காளை, மனிதன், கழுகு.

இங்கே மூன்று வேளையும் பொது வழிபாடு. திருப்பாடல்கள், விவிலியம் ஆகியவற்றோடு உபநிடதம், கீதை முதலிய நூல்களிலிருந்தும் வாசிப்பு, பஜனை, முடிவில் ஆரத்தி. ஒவ்வொரு வேளைக்கும் நெற்றியில் வேறொரு குறி. காலையில் சந்தனம்: எல்லார் மேலும் படரும் அருளின் மணம். நண்பகலில் புருவ நடுவில் குங்குமம்: உள்நோக்கும் ஞானக் கண். மாலையில் திருநீறு: எரிந்து தூய்மையானது மட்டும் மிஞ்சுகிறது. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று மட்டும் சாம்பல் பூசிப் பழகிய கத்தோலிக்கர், இங்கே ஒவ்வொரு மாலையும் அதை ஏற்கிறார். "காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருஈங்கோய்நாதர்" என்பது இந்தப் பகுதியில் வழங்கும் வாக்கு. குளித்தலைக் கடம்பவனநாதர், அய்யர்மலை, ஆற்றுக்கு அக்கரையில் ஈங்கோய்மலை என ஒரே நாளில் மூவரையும் தரிசிக்கும் மரபு இக்கரையில் பழையது. மூன்று வேளையும் இறைவனை நாடும் ஊருக்குள்தான் இந்த ஆசிரமமும் அமைந்திருக்கிறது.

திருப்பலியில் காணிக்கைப் பகுதியைக் கூர்ந்து பாருங்கள். முதலில் நீர்: பீடத்தைச் சுற்றித் தெளித்து, மக்கள் மேல் தெளித்து, குரு ஒரு மிடறு பருகுகிறார். பிறகு நிலத்தின் விளைவான அப்பமும் இரசமும் தட்டில் வைக்கப்படுகின்றன. அந்தத் தட்டைச் சுற்றி, எட்டுத் திசைக்கு ஒன்றாக எட்டு மலர்கள், மந்திரம் சொல்லி ஒவ்வொன்றாக. அடுத்து தூபம், கடைசியில் கற்பூர ஆரத்தி. நீர், நிலம், காற்று, நெருப்பு என்று படைப்பு முழுவதும் அந்தத் தட்டுக்கு வந்துவிட்ட பிறகே நற்கருணை மன்றாட்டு தொடங்குகிறது. மீட்பு என்பது என் ஆன்மா மட்டும் கரையேறுவது என்று நினைத்திருந்தவருக்கு, அந்த எட்டு மலர்கள் போதும் மறுபடி யோசிக்க. "வாழ்வைப் பெறும்பொருட்டு, அதுவும் நிறைவாகப் பெறும்பொருட்டு" என்று யோவான் நற்செய்தி சொல்லும் நிறைவில் ஆறும் மரமும் அடங்கும்.

சூரியன் எழும்போதும் சாயும்போதும் தியானம். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். நம் ஜெபம் பெரும்பாலும் விண்ணப்பப் பட்டியல். பட்டியல் முடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் போகிறது. பீட் கிரிஃபித்ஸ் கைக்கொண்ட இயேசு ஜெபத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சு உள்ளே போகையில் "ஆண்டவர் இயேசுவே, இறைமகனே", வெளியே வருகையில் "பாவி என்மேல் இரங்கும்". மூச்சை இழுத்துப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் தலை கனக்கும், பத்து நிமிடத்தில் எழத் தோன்றும். மூச்சு போகிற போக்கில் போகட்டும், சொல் அதைப் பின்தொடரட்டும். எண்ணிக்கை வேண்டாம். மனம் வீட்டுக்கு ஓடினால் அதட்டாமல் சொல்லுக்குத் திரும்புங்கள். பழக்கம் இல்லாதவருக்கு 20 நிமிடம் போதும். முழங்கால் வலிப்பவர்கள் மடித்த போர்வை ஒன்றை இடுப்புக்கு அடியில் வைத்தால் முதுகு தானாக நிமிரும். முடியாவிட்டால் நாற்காலி கேளுங்கள், அதில் வெட்கம் இல்லை.

பேருந்து நிறைய ஆள் கூட்டி வந்து, சுற்றிப் பார்த்து, இரண்டு மணி நேரத்தில் கிளம்புபவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. முன்கூட்டியே தொடர்புகொண்டு, குறைந்தது மூன்று நாள் தங்குங்கள். முதல் நாள் அலைபேசியைத் தேடிக் கை போகும். இரண்டாம் நாள் சலிப்பும், சிலருக்குக் காரணமில்லாத அழுகையும் வரும். அன்று மாலையே பையைக் கட்டிவிடுபவர்கள் உண்டு. மூன்றாம் நாள் காலைதான் மௌனம் சுமையாக இல்லாமல் இருக்கும். கொசுவலை, டார்ச், பருத்தி உடை, குடிநீர் பாட்டில் கொண்டுபோங்கள். சித்திரை, வைகாசி வெயிலைத் தவிர்ப்பது நல்லது. மேட்டூரிலிருந்து நீர் திறந்திருக்கும் நாட்களில் காவிரியில் இறங்கவே கூடாது. நீர் குறைந்த காலத்திலும் மணல் பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாது.

ஓம் எழுதிய சிலுவையைப் பார்த்து முகம் சுளிக்கும் கிறிஸ்தவர்கள் உண்டு. எங்கள் அடையாளத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று வருந்திய இந்துக்களும் உண்டு. தலித் கிறிஸ்தவர்கள் கேட்கும் கேள்வி இன்னும் கனமானது: இந்திய மரபு என்றால் சமஸ்கிருதமும் உபநிடதமும் மட்டும்தானா, எங்கள் பறையும் பாட்டும் எங்கே? இந்தக் கேள்வியை வாசலில் கழற்றி வைக்காமல் தியானத்துக்கும் எடுத்துச் செல்லுங்கள். சாதியைத் தொடாத ஆன்மிகம் நம் மண்ணில் பாதி வளர்ச்சிதான்.

கிளம்பும் நாளில் மாலை வழிபாடுவரை இருந்துவிட்டு வாருங்கள். திருநீற்றுத் தட்டு வரிசையாகக் கைமாறி வரும். விரலில் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் யாரென்று பாராமல் அவரிடம் நீட்ட வேண்டும்.