வலது கைக்கு ஒரு கடிகாரம்

ஜூன் 10, 2024, திங்கள்

மார்பகப் புற்றுநோய்க்காக என் மனைவிக்குத் தரும் பதினைந்து நாள் கதிர்வீச்சுச் சிகிச்சையில் இரண்டாவது நாள் முடிந்தது. உள்ளே போகும்போது கண்ணாடியையும் கைப்பேசியையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். வெளியே வந்ததும் அவள் முதலில் கேட்பது, "எவ்வளவு நேரம் ஆச்சுங்க?" என்பதுதான். இன்று பதினோரு நிமிடம் என்றேன். அவளுடைய இடது மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் இன்னும் வெளுப்பாக, ஒரு விரல் அகலத்துக்குத் தெரிகிறது.

ஜூன் 11, செவ்வாய்

கடைசி நாளான 28ஆம் தேதியன்று அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தருவது என்று முடிவு செய்துவிட்டேன். 2,500 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது.

ஜூன் 13, வியாழன்

பீரோவிலிருந்து அவளுடைய பழைய டைட்டன் ராகா கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். 1996இல், எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த ஆண்டு வாங்கியது. வளையல் போல வளைந்த தங்க நிறப் பட்டை, அதன் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய டயல். பேட்டரி தீர்ந்து நாலு மாதமாகிறது. மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இடது கையில் இனி இறுக்கமாக எதையும் போடக் கூடாது, ஊசியானாலும் ரத்த அழுத்தம் பார்ப்பதானாலும் வலது கையில்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். வலது கையில் அவளே போட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கியதும் அது முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போயிற்று. அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. முழு வளையலாகச் செய்த பட்டையைச் சுருக்க வழியில்லை.

ஜூன் 14, வெள்ளி

தோல் வார் என்றால் துளை பார்த்துக் கொக்கி மாட்ட வேண்டும், அதற்கு விரல் நுனியில் உணர்வு வேண்டும். ரவிக்கைக் கொக்கிகளையே இப்போது நான்தான் மாட்டிவிடுகிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

நேற்று மதியம் அவள் கண்ணயர்ந்திருந்தபோது பூக்கட்டும் நாரை அவளுடைய வலது மணிக்கட்டில் சுற்றி, சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அளந்தால் பதின்மூன்றரை சென்டிமீட்டர் வந்தது. ஊசி ஏறிய நரம்பு கயிறு போல விறைத்து, கறுப்புக் கோடாக ஓடுகிறது. கடிகாரத்தின் பின்பக்கம் அதன் மேல்தான் உட்காரப் போகிறது என்பதை அப்போதுதான் யோசித்தேன்.

இன்று அண்ணன் மகள் அவளுக்குத் துணையிருக்க, நான் தியாகராய நகருக்குப் போய் வந்தேன். மூன்று கடைகளில் ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டவற்றை மறந்துவிடாமல் எழுதி வைக்கிறேன். அழகாக இருக்கிறதே என்று கையில் எடுத்த பல கடிகாரங்களின் பின்புறத்தில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று பொறித்திருக்கிறது. அதற்குப் பொருள், பின்மூடி மட்டுமே எஃகு, மற்ற உடல் பெரும்பாலும் முலாம் பூசிய பித்தளை அல்லது வேறு கலவை உலோகம் என்பதுதான். நம் ஊர் வியர்வையில் அந்த முலாம் ஓரங்களில்தான் முதலில் உரியும். முன்பு ஒரு நடைபாதைக் கடையில் தங்கை மகளுக்கு வாங்கிக் கொடுத்தது மூன்றே மாதத்தில் பச்சை பிடித்து, அந்தக் குழந்தையின் கையில் தடிப்பு வந்தது. இவள் கையில் அப்படி ஒன்று நேர விடமாட்டேன். '30 மீட்டர்' என்று போட்டிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று பொருளில்லை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். அவளுக்கு அதுவே போதும்.

சொனாட்டா, டைமெக்ஸ், கேஸியோ எல்லாவற்றிலும் என் பணத்துக்குள் நல்லவை இருக்கின்றன. ராகாவிலும் விலை குறைந்த ஒன்றிரண்டு இருந்தன, அவை என் கணக்கைக் கொஞ்சம் தாண்டுகின்றன. இப்போது பலரும் வாங்கும் வலைப்பின்னல் பட்டைக் கடிகாரத்தை ஒரு பெண் எடுத்துக் காட்டினார். நுனியில் காந்தம், வைத்தவுடன் ஒட்டிக்கொள்கிறது, கொக்கியே இல்லை. ஒரு நிமிடம் எல்லாம் தீர்ந்துவிட்டது போலிருந்தது. பிறகுதான் யோசித்தேன். குவார்ட்ஸ் கடிகாரத்தின் முள்ளை நகர்த்தும் சிறு மோட்டாரும் காந்தத்தால்தான் ஓடுகிறது. இன்னொரு காந்தம் நெருங்கினால் அது தடுமாறக்கூடும். நேரம் தவறும் கடிகாரத்தை அவளுக்குத் தர எனக்கு மனமில்லை.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை என்பதால் இன்று போக வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து மகள் பேசினாள். ஸ்மார்ட் வாட்ச் வாங்குங்கள் அப்பா, அதே விலைதான், இதயத் துடிப்பு, தூக்கம், நடை எல்லாம் காட்டும் என்றாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள், ஆனாலும் நான் குரலை உயர்த்திவிட்டேன். ஆறு மாதமாக அவள் உடம்பைப் பற்றி எண்களாகவே கேட்டுக்கொண்டிருக்கிறோம்: ஹீமோகுளோபின் எவ்வளவு, வெள்ளணு எவ்வளவு, எடை எவ்வளவு. அவள் கையில் கட்டும் பொருளும் அதையே சொல்ல வேண்டுமா? அது மணியை மட்டும் சொல்லட்டும். பார்க்க அழகாக இருக்கட்டும். கல்யாண வீட்டில் யாராவது "எங்கே வாங்கினீங்க?" என்று கேட்கும்படி இருக்கட்டும்.

இரவில் மகளை மறுபடி அழைத்து வருத்தம் தெரிவித்தேன்.

ஜூன் 19, புதன்

காலையிலிருந்து ஒரு வாய்க் கஞ்சி இறங்கவில்லை. கடிகாரத்தைப் பற்றி எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 21, வெள்ளி

பத்தாவது நாள். கழுத்தருகே தோல் கருகத் தொடங்கியிருக்கிறது. இன்று ஒன்பது நிமிடம்.

வெளியே உட்கார்ந்திருக்கும்போது என் கடிகாரத்தின் நொடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இருக்கும் சிறிய படிகத் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதி பாதியாகக் குறைத்தால் மிஞ்சுவது ஒன்று, அதுதான் முள் ஒரு முறை நகரும் ஒரு நொடி. எங்களுக்கும் பதினைந்து முறைதான். இந்தக் கணக்கை அவளிடம் சொன்னேன். "இன்னும் அஞ்சு பாதிதானே?" என்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

வாங்கிவிட்டேன்.

கடையில் கூச்சப்படாமல் என் வலது கையில் போட்டுப் பார்த்தேன். இடது முழங்கையை விலாவை விட்டு எடுக்காமல், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் பயன்படுத்தி மூட முடிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். விற்பனைப் பெண் முதலில் புரியாமல் நின்றார். நான் இரண்டு வரியில் சொன்னதும் தானும் அப்படியே போட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நகை போல மெல்லிய சங்கிலி தொங்கும் பூட்டுகளை எல்லாம் அவரே ஒதுக்கி வைத்தார். கடைசியில் எஃகுச் செயின் வைத்த ஒன்று. பக்கத்திலுள்ள இரண்டு பொத்தான்களை அழுத்தினால் திறக்கிறது, மடித்து அழுத்தினால் 'டக்' என்று மூடுகிறது. அந்தச் சத்தம் கேட்பதால் விரலுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரியும். வட்ட டயல், வெள்ளைப் பின்னணி, பன்னிரண்டும் ஆறும் மட்டும் எண்களாக, மற்ற இடங்களில் மெல்லிய கோடுகள். ரோஸ் கோல்டு நிறத்தில் நூல் அளவு விளிம்பு. உடல் முழுவதும் எஃகு. விலை 2,295 ரூபாய்.

நார் முடிச்சைக் காட்டினேன். அவர் அதை அளவுகோலில் வைத்துப் பார்த்து, மேஜை மேல் சிறு தாங்கியில் செயினைப் பொருத்தி, ஊசி போன்ற கருவியால் தட்டி ஐந்து கண்ணிகளைக் கழற்றினார். ஒரு சுண்டு விரல் நுழையும் இடம் விட்டார். கழற்றியவற்றைச் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, "இதைத் தொலைச்சிடாதீங்க சார். மேடத்துக்கு உடம்பு தேறினதும் எடுத்துட்டு வாங்க, திரும்பச் சேர்த்துத் தர்றேன்" என்றார். அதற்குப் பணம் கிடையாதாம்.

பேருந்தில் வரும் வழியெல்லாம் அந்தச் சிறு பையைத்தான் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 24, திங்கள்

வெள்ளி நிறம் அவளுக்குப் பிடிக்குமா? அவள் இதுவரை போட்டவை எல்லாம் தங்க நிறம். கம்பி வளையல் வாங்கப் போனாலும் தங்க நிறம்தான் எடுப்பாள். தங்க முலாம் பூசியதை வாங்கியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது, ஆனால் இரண்டு கோடை தாண்டியதும் அது வெளுத்துப்போயிருக்கும். அவளுடைய புடவைகளை எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். கத்தரிப்பூ நிறச் சுங்குடிக்கு நன்றாக இருக்கும், சாம்பல் நிறச் செட்டிநாட்டுப் பருத்திக்கு மிக நன்றாக இருக்கும். அரக்கு நிறப் பட்டுக்குப் பொருந்தாது. எதற்குப் புடவையை எல்லாம் கலைக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். பூச்சி அரிக்கிறதா என்று பார்த்தேன் என்று பொய் சொன்னேன்.

ஜூன் 25, செவ்வாய்

அரக்குப் பட்டுப் புடவையை அவள் எத்தனை முறை கட்டுவாள்? ஆண்டுக்கு இரண்டு முறை.

ஜூன் 27, வியாழன்

பதினான்கு. செவிலியர் ஒருவர் அவளிடம், நாளையோடு எங்களை மறந்துடுவீங்க என்று சிரித்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் என் கையைத் திருப்பி மணி பார்த்தாள். இத்தனை நாளாக அப்படித்தான் பார்க்கிறாள்.

இரவு அவள் தூங்கிய பிறகு பெட்டியை எடுத்தேன். மணியைத் திருத்தும் சாவிக்கு அடியில் பேட்டரி செலவாகாமலிருக்கச் சிறு பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்கிறது. அதை எடுக்கவில்லை. அவள் கையில் போகும்போது ஓடத் தொடங்கட்டும்.

ஜூன் 28, வெள்ளி

அவள் உள்ளே போய் ஆறு நிமிடம் ஆகிறது. கண்ணாடியும் கைப்பேசியும் என் மடியில் இருக்கின்றன, பெட்டி பைக்குள் இருக்கிறது. ஐந்து கண்ணிகளையும் வீட்டில் மஞ்சள் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் துண்டை இப்போது எடுத்து, மணியைச் சரியாக வைக்க வேண்டும், கதவு திற