லெட்லி கிங்: ஒரு முழங்காலும் 323 ஆட்டங்களும்

இங்கிலாந்தின் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பாபி மூர், டோனி ஆடம்ஸ், ரியோ ஃபெர்டினாண்ட், ஜான் டெர்ரி என்று பெயர்கள் தயக்கமின்றி வந்து விழும். லெட்லி கிங்கின் பெயரைச் சொல்லும்போது மட்டும் ஒரு பெருமூச்சும் சேர்ந்துகொள்ளும். ‘முழங்கால் மட்டும் ஒத்துழைத்திருந்தால்’ என்று தொடங்கும் அந்தப் பேச்சைப் பல ஆண்டுகளாகப் படித்தும் கேட்டும் வருகிறேன். அதைச் சொல்பவர்கள் அவர்மீது கொண்ட அன்பினால்தான் சொல்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஆடாத ஆட்டங்களை எண்ணி வருந்தும் அந்தப் பழக்கம், டாட்டன்ஹாம் சங்கத்துக்காக அவர் உண்மையில் ஆடிய 323 ஆட்டங்களைப் பார்க்கவிடாமல் மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். இந்தப் பதிவில் அந்த 323 ஆட்டங்களைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

கிங் 1980 அக்டோபர் 12 அன்று கிழக்கு லண்டனில் பிறந்தார். அந்தப் பகுதியின் சிறுவர் கால்பந்துக்குப் பெயர்பெற்ற சென்ராப் என்ற சங்கத்தில் அவர் ஆடினார். அவருடன் அதே அணியில் ஆடியவர்களில் ஜான் டெர்ரி, பாபி ஜமோரா, பால் காஞ்செஸ்கி ஆகியோரும் இருந்தார்கள் என்பது இன்றும் வியப்பளிக்கும் செய்தி. இவர்கள் அனைவருமே பின்னாளில் இங்கிலாந்துச் சட்டையை அணிந்தார்கள். டெர்ரி மேற்கு லண்டனின் செல்சிக்குச் சென்றார். கிங் வடக்கு லண்டனின் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பரில் பயிற்சி வீரராகச் சேர்ந்தார். அதன் பிறகு வேறு எந்தச் சங்கத்துக்காகவும் அவர் ஒரு போட்டியில்கூட ஆடவில்லை.

1999 மே 1 அன்று, தம் பதினெட்டாம் வயதில், லிவர்பூலுக்கு எதிராக ஆன்ஃபீல்டில் முதன்முறையாகக் களமிறங்கினார். டாட்டன்ஹாம் அன்று 3-2 என்று தோற்றது. அப்போதைய மேலாளர் ஜார்ஜ் கிரஹாம், முன்பு ஆர்சனலில் அசைக்க முடியாத ஒரு தடுப்பு வரிசையைக் கட்டியெழுப்பியவர்; தடுப்பாட்டத்தின் அருமையை அறிந்த அவரே கிங்கைத் தொடக்கத்தில் பெரும்பாலும் நடுகளத்தில் ஆடவைத்தார். 2000 டிசம்பரில் பிராட்ஃபோர்ட் சிட்டிக்கு எதிராக, ஆட்டம் தொடங்கிப் பத்து நொடிகள் முடிவதற்குள் கிங் ஒரு கோல் அடித்தார். பிரீமியர் லீக்கின் மிக விரைவான கோல் என்ற பெயர் பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கோலுக்கே இருந்தது. 2019 ஏப்ரலில்தான் சவுத்தாம்ப்டனின் ஷேன் லாங் அதை முறியடித்தார். டாட்டன்ஹாமுக்காக மொத்தம் 14 கோல்களே அடித்த ஒரு தடுப்பாட்டக்காரரின் பெயர், கோல் அடிப்பவர்களின் சாதனைப் பட்டியலில் அத்தனை காலம் இருந்தது.

2001 கோடையில் அணித்தலைவர் சால் கேம்ப்பெல் பக்கத்துப் பகையாளியான ஆர்சனலுக்குச் சென்றுவிட்டார். ஒப்பந்தம் முடிந்திருந்ததால் டாட்டன்ஹாமுக்கு ஒரு பவுண்டுகூடக் கிடைக்கவில்லை. ரசிகர்களின் சினம் இருபது ஆண்டுகள் கடந்தும் ஆறவில்லை. அந்த இடத்தில், அப்போது இருபது வயதே ஆன கிங் நிறுத்தப்பட்டார். இன்னொரு இளைஞராக இருந்தால் அந்தச் சினத்தையும் அதனுடன் வந்த எதிர்பார்ப்பையும் தாங்கமுடியாமல் உடைந்திருக்கலாம். கிங் அதைப் பற்றிப் பேசியதைவிட ஆடியதே அதிகம். 2005ஆம் ஆண்டில் அணித்தலைவர் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது.

அவருடைய ஆட்டத்தின் தன்மையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயத் தடுப்பாட்டக்காரர் என்றதும் நம் மனத்தில் எழும் உருவம் ஒன்று உண்டு: நெற்றியில் கட்டு, சட்டையில் இரத்தம், இடிமுழக்கம் போன்ற கத்தல், தரையில் சறுக்கிப் பாய்ந்து காலோடு சேர்த்துப் பந்தையும் பறிக்கும் வேகம். கிங்கிடம் இவை எதுவும் இல்லை. முன்கள வீரர் பந்தை வாங்கித் திரும்பும்போது கிங் ஏற்கெனவே அவர் திரும்ப வேண்டிய பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். சட்டையைப் பிடிக்கமாட்டார், முதுகில் சாயமாட்டார், எதிராளி பந்தைத் தன் காலிலிருந்து ஓர் அடி தள்ளும் அந்த நொடிக்காகக் காத்திருந்து, அந்த இடைவெளியில் காலை நீட்டிப் பந்தை எடுத்துக்கொள்வார். நடுகளத்தில் ஆடிப் பழகியவர் என்பதால், எடுத்த பந்தை வெளியே உதைத்துத் தள்ளாமல் தம் அணியினருக்கே கொடுக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. தன்னைப் பிடித்து இழுக்காமலேயே பந்தை எடுத்துவிடும் தடுப்பாட்டக்காரர் இங்கிலாந்தில் கிங்தான் என்ற பொருளில் தியரி ஹென்றி கூறியிருக்கிறார். ஆர்சனலின் மிகச் சிறந்த கோல் வீரர் டாட்டன்ஹாம் வீரர் ஒருவரைப் பற்றி அவ்வாறு கூறினார் என்பதன் எடை, வடக்கு லண்டனின் பகையை அறிந்தவர்களுக்கு நன்கு விளங்கும்.

ஹென்றிக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டங்களில் ஒன்றை நான் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். 2004 ஜூன் 13, லிஸ்பன், ஐரோப்பியக் கோப்பையின் முதல் சுற்றில் இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய ஆட்டம் அது. ஜான் டெர்ரி காயத்தால் விலகியிருந்ததால், இங்கிலாந்து மேலாளர் ஸ்வென் யோரன் எரிக்சன் கிங்கை இறக்கினார். அதுவரை ஒருசில சர்வதேச ஆட்டங்களையே ஆடியிருந்த அவருக்குப் பக்கத்தில் நின்றவர், மூன்றாண்டுகளுக்கு முன் டாட்டன்ஹாமை விட்டுப் போன அதே சால் கேம்ப்பெல். எதிரே அன்றைய உலகின் தலைசிறந்த முன்கள வீரர்களில் ஒருவரான ஹென்றி, அவருக்குப் பின்னால் பிரான்சின் நடுகளத்தில் சினதின் சிதான். தொண்ணூறாவது நிமிடம் வரை இங்கிலாந்து 1-0 என்று முன்னிலையில் இருந்தது. பிரான்ஸ் திறந்த ஆட்டத்தில் அந்தத் தடுப்பைப் பிளக்கவே இல்லை. பின்னர் சிதான் ஒரு ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தார். தொடர்ந்து ஸ்டீவன் ஜெரார்டு பின்னோக்கிக் கொடுத்த பலவீனமான பந்தை நோக்கி ஹென்றி ஓடியபோது கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸ் அவரை வீழ்த்தினார்; அந்தப் பெனால்டியையும் சிதானே கோலாக்கினார். வரலாற்றில் அது சிதானின் ஆட்டமாகவே நின்றுவிட்டது. இரண்டு கோல்களிலும் கிங்கின் பிழை என்று எதையும் சுட்ட முடியாது. தோல்வியடைந்த அணியின் தடுப்பாட்டக்காரர் செய்த நல்ல வேலையை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பது இந்த ஆட்டத்தில் எனக்கு நெடுநாள் வருத்தமாகவே இருக்கிறது.

நினைவில் நிற்பது வேறொன்று. 2006 நவம்பர் 5 அன்று, இரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து லீக் பட்டம் வென்றிருந்த ஜோசே மோரின்யோவின் செல்சி, டாட்டன்ஹாமின் அப்போதைய திடலான ஒயிட் ஹார்ட் லேனுக்கு வந்தது. டாட்டன்ஹாம் 1990க்குப் பிறகு செல்சியை லீக்கில் வென்றதே இல்லை. அந்த ஆட்டத்தில் செல்சியின் ஆர்யன் ராபன் தடுப்பு வரிசையைக் கடந்து கோலை நோக்கித் தனியே விரைந்தார். அக்காலத்தில் ராபனை ஓடிப்பிடிப்பது எளிய காரியமன்று. கிங் பின்னாலிருந்து துரத்தி, இடைவெளியைக் குறைத்து, பெனால்டி எல்லைக்குள் ராபன் உதைக்க முனைந்த தருணத்தில் சறுக்கி, பந்தை மட்டும் தொட்டு அகற்றினார். ஒரு விரற்கடை தவறியிருந்தால் பெனால்டியும் சிவப்பு அட்டையும் உறுதி. அந்த ஆட்டத்தை டாட்டன்ஹாம் 2-1 என்று வென்றது. இணையத்தில் கிங்கின் பெயரைத் தேடினால் முதலில் வரும் காட்சிகளில் அதுவும் ஒன்று. அரிதாகவே தரையில் சறுக்கிய ஒருவர் ஒரு சறுக்கலுக்காகவே நினைக்கப்படுகிறார் என்பதில் எனக்குச் சிறு மனக்குறை இருந்தாலும், அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் மனம் நிறைந்துவிடுகிறது.

அந்த ஆண்டுக்குள் அவருடைய உடல் தொல்லை கொடுக்கத் தொடங்கியிருந்தது. பாத எலும்பு முறிந்ததால் 2006 உலகக் கோப்பையை இழந்தார். அதன் பிறகு வந்தது இடது முழங்காலின் நீண்ட துன்பம். முழங்கால் மூட்டில் எலும்பும் எலும்பும் உரசாதபடி இடையில் இருப்பது குருத்தெலும்பு. அதற்குள் இரத்த ஓட்டம் இல்லாததால், ஒருமுறை தேய்ந்துபோனால் மற்றத் திசுக்களைப் போல அது தானாக வளர்ந்து சீராவதில்லை. கிங்கின் முழங்காலில் அந்தக் குருத்தெலும்பு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அறுவை செய்து சரிப்படுத்துவதற்கு அங்கே எதுவும் மிஞ்சவில்லை என்று அவருடைய மேலாளர் ஹாரி ரெட்நாப் வெளிப்படையாகவே கூறிவந்தார். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் முழங்கால் வீங்கிவிடும். அது வடிய நாள்கள் ஆகும். வடிந்து முடிவதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடும்.

இதற்கு அவரும் சங்கத்தின் மருத்துவக் குழுவும் கண்ட வழி, பயிற்சியையே விட்டுவிடுவது. வாரம் முழுவதும் மற்றவர்கள் மைதானத்தில் ஓடும்போது கிங் நீச்சல் குளத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் இருப்பார். ஆட்ட நாளில் சட்டை அணிந்து களமிறங்குவார். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாடு எவ்வளவு கடினமானது என்பதைத் தடுப்பாட்டத்தின் உள்விவரம் தெரிந்தவர்களே உணர்வார்கள். ஒரு முன்கள வீரர் தனித்திறமையால் பயிற்சிக் குறைவை ஓரளவு மறைத்துவிட முடியும். தடுப்பு வரிசை நான்கு பேர் சேர்ந்து செய்யும் வேலை. ஆஃப்சைடு கோட்டை எப்போது மேலே தள்ளுவது, பக்கத்தில் இருப்பவர் பந்தை நோக்கிச் சென்றால் யார் பின்னால் நிரப்புவது, கோல்கீப்பர் எந்த உயரப் பந்துக்கு வெளியே வருவார் என்பவையெல்லாம் வாரநாள்களில் திரும்பத் திரும்பச் செய்து உடலில் ஏற்றிக்கொள்ளும் பழக்கங்கள். அவற்றில் பங்கேற்காமல், ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் பங்காளிகளுடன், சில சமயம் மைக்கேல் டாசன், சில சமயம் ஜொனாத்தன் வுட்கேட், பின்னர் வில்லியம் காலாஸ், யூனுஸ் கபூல் என்று யாருடன் நிறுத்தினாலும், கிங் வரிசையை ஒழுங்காக வைத்திருந்தார். ஓடிச் சேர வேண்டிய தொலைவை முன்கூட்டியே நின்று குறைத்துக்கொள்ளும் கலை அவரிடம் இளமையிலேயே இருந்தது. முழங்கால் தேய்ந்த ஆண்டுகளில் அந்தக் கலையை மட்டும் நம்பி அவர் ஆடினார். ஒற்றை முழங்காலுடன் இருந்தாலும் ஜான் டெர்ரியைவிடச் சிறந்தவர் என்று டாட்டன்ஹாம் ரசிகர்கள் திடலில் பாடிய பாட்டு இந்த ஆண்டுகளில் பிறந்ததே.

அந்த முழங்காலுடன் அவர் சாதித்தவை சிறியவையல்ல. 2008 பிப்ரவரி 24 அன்று வெம்பிளியில் நடந்த லீக் கோப்பை இறுதியாட்டத்தில், நீண்ட ஓய்வுக்குப் பின் திரும்பியிருந்த கிங் கூடுதல் நேரம் உட்பட 120 நிமிடங்களும் நின்று ஆட, டாட்டன்ஹாம் செல்சியை 2-1 என்று வீழ்த்தியது. சக வீரர் ராபி கீனும் அவரும் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள். அதற்கடுத்த கோப்பைக்கு அந்தச் சங்கம் 2025 வரை, பதினேழு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2010 மே 5 அன்று மான்செஸ்டர் சிட்டியின் திடலில், லீக்கின் நான்காம் இடம் யாருக்கு என்பதைத் தீர்மானித்த ஆட்டத்தில், பீட்டர் கிரவுச்சின் ஒரே கோலால் டாட்டன்ஹாம் வென்றது. பணம் குவிந்துகொண்டிருந்த சிட்டியின் முன்கள வீரர்கள் அன்று ஒரு கோல்கூட அடிக்கவில்லை. டாட்டன்ஹாமின் மையத்தில் டாசனும் கிங்கும் நின்றிருந்தார்கள். 1961-62க்குப் பிறகு ஐரோப்பாவின் தலையாய போட்டிக்குள் நுழையும் வாய்ப்பு அந்த இரவில் கிடைத்தது.

அதே மாதம் மெக்சிகோவுக்கு எதிராக இங்கிலாந்துக்காகத் தம் இரண்டாவது கோலை அடித்த கிங்கை, இங்கிலாந்து மேலாளர் ஃபாபியோ கப்பெல்லோ தென்னாப்பிரிக்க உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார். அது துணிச்சலான முடிவு. தவறான முடிவு என்று பலர் எழுதினார்கள். ரியோ ஃபெர்டினாண்ட் அங்கே பயிற்சியில் காயமுற்றதால், அமெரிக்காவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், சென்ராப் சிறுவர்களான டெர்ரியும் கிங்கும் இங்கிலாந்தின் மையத் தடுப்பில் அருகருகே நின்றார்கள். நாற்பத்தைந்து நிமிடங்கள்தான். தொடையிடுக்குக் காயத்தால் இடைவேளைக்குப் பிறகு கிங் திரும்பவில்லை. ஜேமி கேரகர் இறங்கினார். கிங்கின் 21 சர்வதேச ஆட்டங்களில் அதுவே கடைசி.

இன்னும் இரண்டு பருவங்கள் சங்கத்துக்காகத் தாக்குப்பிடித்துவிட்டு, 2012 ஜூலையில், 31 வயதில் அவர் ஓய்வை அறிவித்தார். சங்கம் அவரைத் தன் தூதராக வைத்துக்கொண்டது. 2020இல் டாட்டன்ஹாமின் மேலாளராக இருந்த மோரின்யோ, தடுப்பாட்டத்தைக் கவனிக்கத் தம் பயிற்சிக் குழுவில் கிங்கைச் சேர்த்துக்கொண்டார். ராபனை கிங் துரத்திப் பிடித்த அன்று எதிரணியின் மேலாளர் இருக்கையில் அமர்ந்திருந்தவர் அதே மோரின்யோதான்.

கிங்கின் ஆட்டத்தைப் பார்த்திராத இளைய ரசிகர்கள் கேட்டால், லிஸ்பன் ஆட்டத்தை முழுமையாகப் பார்க்குமாறு சொல்வேன். சிறப்புக் காட்சிகளின் தொகுப்பில் அவர் ஏறக்குறைய இருக்கவே மாட்டார். பந்தைப் பின்தொடர்வதை விட்டு ஹென்றியைப் பின்தொடருங்கள். அவர் பந்துக்காகக் கை உயர்த்தும்போது கிங் எத்தனை அடி தள்ளி, எந்தப் பக்கம் தோளைத் திருப்பி நிற்கிறார் என்று பாருங்கள். பந்து அங்கே அனுப்பப்படாமல் வேறு பக்கம் திருப்பப்படும் நேரங்களையும் எண்ணிக்கொள்ளுங்கள்.