மணிகளுக்கு நடுவே குமிழ்கள்: ஜூலை நாட்குறிப்பு

ஜூலை 3

அக்ரிலிக் குழாயில் இன்று மணிகளை நிரப்பினோம். குழாயின் உள்விட்டம் 5 செ.மீ., உயரம் 1 மீட்டர். மணிகள் 3 மி.மீ. கண்ணாடி. கீழிருந்து தண்ணீரும் காற்றும் சேர்ந்து மேலே ஏறப்போகின்றன. பரிசோதனை ஜூனியரின் பொறுப்பு. அதைக் கணினியில் மாடல் செய்வது என் பாடு.

கொட்டி முடித்ததும் நிறைந்துவிட்டது என்றுதான் தோன்றியது. ரப்பர் சுத்தியலால் ஜூனியர் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தான்; மேல்மட்டம் மூன்று செ.மீ. இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டோம். தராசு சுமார் 100 கிராம் கூடுதல் காட்டியது. "வெறும் நூறு கிராம்தானே அக்கா" என்றான். அந்த நூறு கிராமில்தான் இடைவெளி, அதாவது குழாயில் மணிகள் போக மீதி இடம், 40 சதவீதத்திலிருந்து 38 ஆனது.

ஜூலை 4

அவனுக்குப் பதில் சொல்ல எர்குன் சமன்பாட்டை எடுத்தேன்; மணிகளுக்கு நடுவே ஓடும்போது எவ்வளவு அழுத்தம் இழக்கும் என்று சொல்வது அது. 1952இல் வந்தது, இன்னும் எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் மட்டும், மணிகளே இல்லாத காலிக் குழாயில் ஓடுவதாகக் கணக்கிட்டால் வினாடிக்கு 1 செ.மீ. வேகம். இடைவெளி 40 சதவீதமென்றால் அழுத்த இழப்பு மீட்டருக்குச் சுமார் 1,480 பாஸ்கல். 38 என்றால் 1,830. அழுத்த வித்தியாசத்தைத் தண்ணீர் உயரமாகக் காட்டும் மேனோமீட்டரில் 15 செ.மீ. எங்கே, 19 செ.மீ.யைத் தொடுவது எங்கே! இடைவெளி விகிதம் மும்மடியாகப் பின்னத்தின் கீழே உட்கார்ந்திருப்பதால் வரும் வினை இது. கட்டுரைகளில் "போரோசிட்டி (இடைவெளி விகிதம்) 0.4 எனக் கொள்வோம்" என்று ஒரே வரியில் கடந்துபோகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. எடை போட ஒரு மணி நேரம் ஆகுமா?

சுவர் ஓரம் வேறு கதை. சுவரைத் தொடும் இடத்தில் இடைவெளி கிட்டத்தட்ட நூறு சதவீதம். அங்கிருந்து உள்ளே போகப்போக ஏறி இறங்கி, நாலைந்து மணி தள்ளித்தான் நிலைக்கு வரும். எங்கள் குழாயின் குறுக்கே பதினேழு மணிகூட முழுதாக இல்லை. ஆகவே ஒரே சராசரி எண்ணைக் கொடுக்காமல், ஆரத்தோடு மாறும்படி கொடுக்கப்போகிறேன்.

ஜூலை 8

காற்றைத் திறந்தோம். சிமுலேஷனில் காற்று சீராகப் பரவி ஏறுகிறது. குழாயில் அப்படி இல்லை. மேலே குமிழ்கள் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் பொத்துக்கொண்டு வருகின்றன, மற்ற இடம் அமைதி. சுவர் வழியாக உற்றுப் பார்த்தால் மணிகளுக்கு நடுவே ஒரு குமிழ் கோணலாக மாட்டிக்கொண்டு நடுங்குகிறது. பின்னால் இன்னொன்று வந்து சேர்ந்ததும் இரண்டும் ஒன்றாகிச் சட்டென்று நழுவிப் போகின்றன.

ஜூலை 9

நேற்றுப் பார்த்ததைத் தாளில் போட்டேன். மூன்று மணிகள் தொட்டுக்கொண்டு நின்றால் நடுவில் கிடைக்கும் வாசலின் விட்டம் 0.46 மி.மீ. அதற்கு முந்தைய குழியின் விட்டம் சுமார் 1.3 மி.மீ. குழியில் நிறைந்திருக்கும் குமிழ் அந்த வாசலில் நுழைய வேண்டுமென்றால், தண்ணீரின் பரப்பு இழுவிசையை வைத்துப் பார்த்தால், சுமார் 400 பாஸ்கல் தேவை. அந்தக் குமிழின் மிதப்பு தருவதோ 13 பாஸ்கல். ஓடும் தண்ணீர் தள்ளுவது இன்னும் கம்மி, ஒரு மணி நீளத்துக்கு நாலைந்து பாஸ்கல்தான். 400 வேண்டுமென்றால் நாலு செ.மீ. உயரத்துக்குத் தொடர்ச்சியாகக் காற்று நிற்க வேண்டும்.

அதாவது அந்த வாசல் மூடிய வாசல்தான். நான்கு மணிகள் சதுரமாக நிற்கும் இடத்தில் வாசல் 1.24 மி.மீ., குழிக்குச் சமம். அங்கே தாராளமாகப் போகலாம். குமிழ் அகலமான சந்துகளாகப் பார்த்துப் போகிறது. சந்து இல்லாத குழியில் மாட்டினால் அங்கேயே கிடக்கிறது.

ஜூலை 12

கைடிடம் காட்டினேன். "சரி, இதை இரு-திரவ மாடலில் எங்கே வைப்பாய்?" என்றார். காற்றையும் தண்ணீரையும் ஒன்றோடொன்று கலந்து ஓடும் இரண்டு தொடர்ச்சியான பாய்மங்களாகக் கொள்ளும் என் மாடலைத்தான் சொன்னார். நல்ல கேள்வி. மென்பொருளில் தயாராக இருக்கும் ஷில்லர்–நௌமான் இழுவை விதி (நகரும் குமிழைத் திரவம் எவ்வளவு தடுக்கும் என்ற கணக்கு), தடையில்லாத திரவத்தில் தனியாகப் போகும் கோளத்துக்கானது. திறந்த தண்ணீரில் 3 மி.மீ. குமிழ் வினாடிக்கு இருபது செ.மீ.க்கு மேல் ஏறும். மணிகளுக்குள் அந்த வேகம் ஏது? அட்டூவும் குழுவினரும் 1999இல் கொடுத்த மாடல் இப்படி மணி நிரப்பிய படுகைக்கென்றே எழுதியது, ஆனால் அது திரவம் மணிமேல் மெல்லிய படலமாக வழியும் நிலைக்கு. எங்களுக்குத் திரவம்தான் நிறைந்திருக்கிறது, காற்றுதான் துண்டு துண்டு. அப்படியே தூக்கிப் போட முடியாது.

ஜூலை 19

மோட்டில், பாலகோடையா, கமோதானி மூவரும் 2003இல் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஈர்ப்பு இல்லாத இடத்தில் நிரப்புப் படுகையில் காற்றும் நீரும் எப்படி ஓடும் என்பது விஷயம். எர்குன் சமன்பாட்டோடு பரப்பு இழுவிசைக்கென்று தனி உறுப்பு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். பிறகு நாசா விண்வெளி நிலையத்திலேயே இதைச் சோதித்தது. அங்கும் 3 மி.மீ. மணிகள்: நனையும் கண்ணாடி ஒரு படுகை, நனையாத டெஃப்லான் இன்னொன்று. மிதப்பே இல்லாதபோது பரப்பு இழுவிசையை விட்டால் வேறு கதி இல்லை. தரையிலும் 13க்கு 400 என்று பார்த்தபின், நாம் மட்டும் அதை ஒதுக்குவதற்கு என்ன நியாயம்?

ஜூலை 24

முடிவு செய்தாயிற்று. மாடலில் காற்றை இரண்டாகப் பிரிக்கிறேன்: ஓடும் காற்று, மாட்டிய காற்று. இழுவை ஓடுகிற பங்குக்கு மட்டும். மாட்டியது எர்குன் சமன்பாட்டில் இடைவெளியைக் குறைக்கும், அவ்வளவுதான். மாட்டிய பங்கு எவ்வளவு என்பதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை ஜூனியர் காற்றை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் ஓடவிட்டு, மேனோமீட்டர் பழைய 19 செ.மீ.க்குத் திரும்புகிறதா, அதற்கு மேலேயே நிற்கிறதா என்று பார்ப்பான். அதற்குள் நான் நிரலில் மாட்டிய பங்குக்கு ஒரு இடம் ஒதுக்கி வைக்க வேண்டும்.