கண்டதைக் கண்டபடி சொல்லும் பயிற்சி

இந்தியக் கடற்படையில் மாலுமிகளாகச் சேரும் இளைஞர்களுக்கான அடிப்படைப் பயிற்சி ஒடிசாவில், சிலிகா ஏரிக்கரையில் உள்ள ஐ.என்.எஸ். சில்கா தளத்தில் நடைபெறுகிறது. நான் அங்கே பயிற்றுநராக இருந்த காலத்தில், கடலை ஒருமுறைகூடப் பார்த்திராத ராஜஸ்தான் இளைஞனும், அலையோசை கேட்டே வளர்ந்த நாகப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே அணியில் நிற்பார்கள். அணிநடை, நீச்சல், துப்பாக்கி சுடுதல், கயிற்று முடிச்சுகள், தீயணைப்பு ஆகியவற்றில் இருவரையும் சில வாரங்களில் ஏறத்தாழ ஒரே நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். கண்டதைக் கண்டபடி அறிவிக்கும் பழக்கத்தை ஊட்டுவதற்குத்தான் மிகுந்த பொறுமை வேண்டியிருந்தது. கடல்சார் பாதுகாப்பின் வேர் அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

கண்காணிப்புப் பணியில் நிற்பவர் ‘ஒரு படகு தெரிகிறது’ என்று சொன்னால் அது அறிக்கை ஆகாது. கப்பலின் முகப்பிலிருந்து இடப்புறமானால் சிவப்பு என்றும் வலப்புறமானால் பச்சை என்றும் தொடங்கி, எத்தனை பாகை, ஏறத்தாழ எவ்வளவு தொலைவு, எந்தப் பக்கம் நகர்கிறது என்பவற்றை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். இரவில் இது இன்னும் கடினம். கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் வரை ஆகலாம். மங்கலான விளக்கை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், சற்று விலக்கிப் பார்த்தால்தான் புலப்படும். வெள்ளை விளக்கின் மேல் பச்சை விளக்கு எரிந்தால் அது இழுவலை இழுக்கும் படகு; சிவப்பு எரிந்தால் வேறு வகையில் மீன்பிடிக்கும் படகு. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இவை எளிதில் பிடிபட்டன. ஆனால், பழகிய காட்சி என்பதால் ‘மீன்பிடி படகுதான்’ என்று முடிவுசெய்து அறிவிக்காமலே விட்டுவிடும் நாட்டமும் அவனிடம் இருந்தது. ராஜஸ்தான் இளைஞனோ அடையாளம் தெரியாவிட்டாலும் எதையும் விடாமல் சொன்னான். இருவரையும் இணையாக நிறுத்தியபோது ஒருவருடைய குறையை மற்றவர் ஈடுசெய்தார்.

2008 நவம்பர் மும்பைத் தாக்குதலை நான் வகுப்பில் விரிவாகவே எடுத்துரைப்பேன். தாக்குதல் நடத்திய பத்துப் பேரும் ‘குபேர்’ என்ற இந்திய மீன்பிடி விசைப்படகைக் கடத்தி, அதிலிருந்தவர்களைக் கொன்று, இறுதியில் ரப்பர் படகில் கொலாபா மீனவர் குடியிருப்பருகே கரையேறினார்கள். அங்கிருந்த மக்கள் அவர்களைப் பார்த்தார்கள், ஐயப்பட்டும் இருக்கிறார்கள். அந்த ஐயம் உரிய நேரத்தில் நடவடிக்கையாக மாறவில்லை. ஆயிரக்கணக்கான படகுகள் நாள்தோறும் சென்று திரும்பும் கடலில், வழக்கமான ஒன்றின் தோற்றத்தில் வரும் ஆபத்தை ரேடார் மட்டும் பிரித்துக் காட்டிவிடாது.

அதன்பின் 2009இல் கடலோரப் பாதுகாப்பு உட்பட ஒட்டுமொத்தக் கடல்சார் பாதுகாப்பின் பொறுப்பு கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. கடற்படைத் தளங்களைக் காக்க ‘சாகர் பிரகரி பல்’ என்ற தனிப்படை உருவானது. 2018இல் குருகிராமில், கடல் நடமாட்டம் குறித்த தகவல்களைத் திரட்டிப் பகிரும் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கான தகவல் இணைவு மையம் தொடங்கப்பட்டது. இவை பெரிய முன்னேற்றங்கள். எனினும் அத்தகைய மையங்களுக்குச் செல்லும் செய்திகளில் ஒரு பகுதியேனும் மேல்தளத்தில் நிற்கும் இருபது வயது மாலுமியின் கண்ணிலிருந்தே புறப்படுகிறது.

ஆகையால் மீனவரிடம் பேசும் முறையையும் பயிற்சியின் பகுதியாக்க வேண்டும் என்று வாதிட்டு வந்தேன். சோதனைக்காகப் படகில் ஏறும் வீரர், வலையை மிதிக்காமல், வயதில் மூத்த படகோட்டியை மரியாதையோடு விளித்துப் பேசினால், அடுத்த முறை புதிய படகொன்று தென்படும்போது அந்த மூத்தவரே தகவல் தருவார். மாநிலத்துக்கு மாநிலம் படகின் நிறம் வேறு; கேரளத்து விசைப்படகின் நீலத்தையும் ஆரஞ்சையும் தமிழகத்துப் படகின் பச்சையையும் படத்தில் காட்டிவிடலாம். எந்தப் பருவத்தில் எந்தத் துறைமுகத்தின் படகுகள் எவ்வளவு தூரம் போகும் என்பதை மீனவரிடம்தான் கேட்டறிய வேண்டும்.

2022இல் அறிமுகமான அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 25 விழுக்காட்டினர் வரையே நான்கு ஆண்டுகளுக்குப் பின் பணியில் தொடர முடியும். ஊர் திரும்பும் மற்றவர்களில் கடலோரக் கிராமத்தினரை மாநிலங்களின் கடலோரக் காவல் குழுமங்கள் முன்வந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். துறைமுகத்தையும் மீனவரையும் கடற்படையின் அறிக்கை முறையையும் ஒருங்கே அறிந்தவர்கள் வேறெங்கும் எளிதில் கிடைக்கமாட்டார்கள்.