டிக்கிக்குள் லொடலொட

எங்கள் செடானுக்கு ஒன்பது வயது. மூன்று மாதமாகப் பின்பக்கம் ஒரே லொடலொட. நல்ல ரோட்டில் வராது, மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போதுதான் வரும். "பின் ஷாக் அப்சார்பர் போச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். பின்பக்கத்தை அமுக்கி விட்டுப் பார்த்தேன். ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டது, ஷாக் போன வண்டி மாதிரி ஊஞ்சலாடவில்லை. அதை மட்டும் நம்ப முடியாதுதான். ஆனாலும் காசைக் கொடுப்பதற்கு முன்னால் டிக்கியைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

முதல் ஞாயிறு எல்லாவற்றையும் இறக்கினேன். இரண்டு குடை, கட்டைப்பைகள், காலி வாட்டர் கேன், ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர். வெறும் டிக்கியோடு தெருவில் ஒரு சுற்று. பாதிச் சத்தம் காணாமல் போயிருந்தது! ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்து ஓட்டியதில் மாட்டியது ஜாக்கி. அதை அதன் தாங்கிக்குள் வைத்தபின் திருகை விரித்து இறுக்க வேண்டும். போன பஞ்சரின்போது அவசரத்தில் அப்படியே செருகி வைத்தது நான்தான். ஸ்பேனரைப் பழைய துண்டில் சுற்றி ஸ்டெப்னிக்குள் திணித்தேன். ஸ்டெப்னியின் நடுத்திருகும் இரண்டு சுற்று ஏறியது.

மீதிச் சத்தம்தான் படுத்தியது. போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு, அதை டிக்கியின் இடது மூலையில் வைத்து ஒரு சுற்று, வலது மூலையில் ஒரு சுற்று, பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பார்சல் ட்ரே தட்டுக்கு அடியில் ஒரு சுற்று. மூன்றாவதில் தெளிவாகக் கேட்டது: வளையல் உரசுவது போல, இரும்போடு இரும்பு.

டார்ச் அடித்துப் பார்த்தால், டிக்கி மூடியைத் தூக்கிப் பிடிக்கும் முறுக்குக் கம்பிகள் இரண்டும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் போகின்றன. அந்த இடத்தில் இருந்த பிளாஸ்டிக் கிளிப் உடைந்து பாதிதான் மிச்சம். கம்பியில் பெயிண்ட் தேய்ந்து, விரல்நக அளவுக்குப் பளபளவென்று இரும்பு தெரிந்தது. சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டிச் சுற்றி, இரண்டு கேபிள் டை போட்டு இறுக்கினேன். ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கம்பிகளைக் கழற்றிவிடாதீர்கள். முறுக்கேறி நிற்பவை, கழன்றால் கையைப் பதம் பார்த்துவிடும்.

அப்புறமும் வேகத்தடையில் ஒரு 'டொக்'. மூடிக்கும் டிக்கி வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்குக்கும் நடுவே தாளை வைத்துச் சாத்தி, சுற்றிலும் இழுத்துப் பார்த்தேன். மற்ற இடத்தில் தாள் பிடித்துக்கொண்டது, வலது ஓரத்தில் மட்டும் வெண்ணெயாக வழுக்கி வந்தது. அந்தப் பக்கத்தில் மூடியைத் தாங்கும் ரப்பர் குமிழை ஒன்றரைச் சுற்று வெளியே திருகியதும் 'டொக்' நின்றது.

மறுநாள் அம்மா கடைக்குப் போய்வந்து, "என்னடா, டிக்கியை இப்ப ஓங்கிச் சாத்த வேண்டியிருக்கு?" என்றார். அரைச் சுற்று உள்ளே திருகிவிட்டேன்.