எரிகோவில் ஒரு குழியை மூடிய கதை

அகழாய்வுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். ஐந்து வாரத்தில் ஒரு சட்டி மண்ணைக்கூட வெளியே எடுக்கவில்லை. வெளியே கிடந்த மண்ணைச் சலித்து உள்ளே போட்டேன். அம்மாவுக்கு இன்றுவரை இது விளங்கவில்லை. "அவ்ளோ செலவு பண்ணிப் போயி மூடிட்டா வந்தே?" என்கிறாள்.

2022 அக்டோபர். இத்தாலியில் தொல்லியல் பராமரிப்பு முதுகலை, இரண்டாம் ஆண்டு. களப்பயிற்சிக்கு இடம் கேட்டபோது பாலஸ்தீனம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். விசா கைக்கு வர இரண்டரை மாதம் ஆனது. அம்மான் வழியாகப் போய், ஜோர்டான் ஆற்றுப் பாலத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்து, பொழுது சாயும்போது எரிகோவில் இறங்கினேன். உள்ளூரில் அதன் பெயர் அரீஹா. கடல் மட்டத்துக்கு 250 மீட்டர் கீழே இருக்கும் ஊர். அக்டோபரிலும் அனல்.

என்னைப் பொறுப்பெடுத்துக்கொண்டவர் அங்கே தொல்லியல் ஆய்வாளர். பெயர் போட வேண்டாம் என்றார். எல்லோரும் கூப்பிட்டபடி உஸ்தாத் என்றே எழுதுகிறேன். வாத்தியார், ஐயா இரண்டுக்கும் பொதுவான சொல். பாலத்தில் காத்திருந்ததை அவரிடம் பெரிய துயரக் கதையாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். மேற்குக் கரைக்காரர்கள் வெளிநாடு போகப் பெரும்பாலும் அந்தப் பாலம்தான் வழி. படிக்கப் போனாலும், மாநாட்டுக்குப் போனாலும், அம்மானில் இருக்கும் அக்காளைப் பார்க்கப் போனாலும் அதே பெஞ்சுதான். "உனக்கு ஒரு நாள், மகளே. எனக்கு முப்பது வருஷம்."

அவர் பிறந்தது 1966-இல், அய்ன் அஸ்-சுல்தான் அகதி முகாமில். டெல் அஸ்-சுல்தான் என்ற தொல்மேடு அங்கிருந்து கூப்பிடு தூரம். அவர் அப்பா இளவயதில், 1950-களில், அந்த மேட்டில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் கேத்லீன் கெனியன் அகழாய்வு செய்தபோது கூடை சுமந்தவர். 1967 போரில் முகாமின் பெரும்பகுதி ஆற்றைக் கடந்து ஜோர்டானுக்குப் போய்விட்டது. இவர்கள் குடும்பம் தங்கிவிட்டது. 1985-இல் பீர்செய்த் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1988 தொடக்கத்தில் ராணுவ உத்தரவால் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. 1992 வரை திறக்கவில்லை. இடையில் வகுப்புகள் வீடுகளில் நடந்தன. பானை ஓடுகளைக் காலவரிசைப்படி அடுக்கக் கற்றது யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை மேசையில்தான் என்றார். சாப்பாட்டு நேரத்தில் மூவாயிரம் ஆண்டு வரலாற்றை மொத்தமாக வாரி ஓரம் வைக்க வேண்டுமாம். நான்கு வருடப் படிப்பு எட்டு வருடம் இழுத்தது. 1994-இல் காசாவும் எரிகோவும் முதலில் பாலஸ்தீன நிர்வாகத்துக்கு வந்தபோது புதிதாக ஒரு தொல்லியல் துறை முளைத்தது. முதல் ஆட்களில் இவர் ஒருவர். "மேசை வந்துவிட்டது. நாற்காலிக்கு ஆறு மாசம்."

முதல் நாள் காலை ஆறு மணிக்கு மேட்டில் நின்றேன். கையில் கொத்துக்கரண்டி தருவார் என்று பார்த்தால் சல்லடை தந்தார். வேலை இதுதான்: பழைய குழி ஒன்று, 4 மீட்டருக்கு 3 மீட்டர், உள்ளே வெண்கலக் காலத்துச் சுடாத மண் செங்கல் சுவர். மழை வருவதற்குள் அதை மூட வேண்டும்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு மேட்டின் நடுவே இருக்கும் கெனியனின் பெரிய குழிக்குக் கூட்டிப் போனார். கீழே பத்தாயிரம் ஆண்டு பழைய கல் கோபுரம், எட்டரை மீட்டர் உயரம், உள்ளே 22 படிகள். எத்தனையோ முறை படத்தில் பார்த்தது. நேரில் பார்த்தபோது வாய் அடைத்துவிட்டது. அவர் கோபுரத்தைக் காட்டவில்லை. குழியின் சுவரைக் காட்டினார். எழுபது மழைக்காலம் தின்ற சுவர். மண்ணடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து கிடந்தன. "எங்க அப்பா இதைத் திறக்கக் கூடை சுமந்தார். இது சரியாமப் பார்த்துக்கறது என் உத்தியோகம்."

தலைக்கு மேலே கேபிள் கார் போய்க்கொண்டிருந்தது. கீழே பேருந்து நிறையச் சுற்றுலாப் பயணிகள். பைபிளில் யோசுவா எக்காளம் ஊதி விழச்செய்த மதில் எங்கே என்று தினமும் யாராவது கேட்பார்கள். 1930-களில் இங்கே தோண்டிய கார்ஸ்டாங் அந்த மதில் என்று காட்டியது உண்மையில் ஓராயிரம் ஆண்டு முந்தியது என்று கெனியன் நிறுவிவிட்டார். ஆனாலும் கேள்வி நிற்கவில்லை. உஸ்தாத் பொறுமையாக மேட்டடியில் இருக்கும் ஊற்றுப் பக்கம் கைகாட்டுவார்: "தண்ணி அங்கே இருக்கு. ஊர் வந்ததுக்கு அதுதான் காரணம். மத்ததெல்லாம் அப்புறம்."

மூடும் வேலைக்கு வருகிறேன். பள்ளத்தில் மண்ணைத் தள்ளுவதுதானே என்று நினைத்தேன். முதல் எட்டு நாள் ஒரு பிடி மண்கூட விழவில்லை. குழியைத் தூரிகையால் சுத்தம் செய்து, படமெடுத்து, நான்கு பக்க வெட்டுமுகத்தையும் வரைந்து, ஒவ்வொரு மூலைக்கும் மட்டம் எடுத்து நோட்டில் எழுத வேண்டும். மூடிய பிறகு சுவர் எங்கே இருக்கிறது என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி.

அடுத்து, சுவரில் வெடிப்பு விட்ட இடங்களை மண்ணும் நறுக்கிய வைக்கோலும் குழைத்து அடைக்க வேண்டும். மேட்டிலேயே கிடக்கும் பழைய மண்ணைச் சலித்து, வைக்கோல் போட்டு, மூன்று நாள் ஊறவைத்து, காலால் மிதித்தேன். பதம் எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் கூடிவிட்டது. பூசிய மறுநாளே வெயிலில் சுருங்கி, விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து நின்றது. உஸ்தாத் திட்டவில்லை. ஃபோனை எடுத்து வீடியோவில் யாருக்கோ காட்டினார். திரையில் ஒரு தாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். காசாக்காரர், பீர்செய்த்தில் இவருடைய சகமாணவர், அதே தொழில். 2000-க்குப் பிறகு இருவரும் நேரில் பார்த்ததில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் நூறு கிலோமீட்டர்தான். வியாழக்கிழமை தவறாமல் ஃபோனில் பேசிக்கொள்வார்கள். "மணல் சேர்க்கச் சொல்லு," என்றார் அவர். "எங்க ஊர்ல மணலுக்குப் பஞ்சமே இல்லை. மத்ததுக்குத்தான்." மணல் சேர்த்தேன். நின்றது.

பிறகு ஜியோடெக்ஸ்டைல் துணி. மலிவாகக் கிடைக்கிறதே என்று பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டால் அடியில் வியர்த்து, உப்பு பூத்து, செங்கல் மாவாகிவிடும். துணி மூச்சு விடும். அதை இறுக்கக் கூடாது. சுவரின் வளைவோடு தொய்வாகப் படுக்க வேண்டும். சுவரோரம் மணல் மூட்டை, நடுவில் சலித்த மண், ஒரு சாண் ஒரு சாணாக. மிதிக்கலாம், குதிக்கக் கூடாது. கடைசியில் மேற்புறம் லேசான சரிவு, மழைநீர் நடுவில் தேங்காமல் ஓட.

துணியின் மேல் முதல் மண் விழுமுன் உஸ்தாத் சட்டைப்பையிலிருந்து அந்த வருடத்து நாணயம் ஒன்றை எடுத்துப் போட்டார். நாளை யாராவது மறுபடி திறந்தால் இதுவரை ஏற்கெனவே தோண்டியது, இது 2022-இல் மூடியது என்று தெரியவேண்டுமாம். நானும் என் பங்குக்கு ஒரு பிஸ்கட் உறையைப் போட்டேன். அதிலும் தேதி இருந்ததே.

மூன்றாம் வாரம் ஊருக்குள்ளிருந்து ஒரு ஃபோன். யாரோ வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள், ஜேசிபி வாயில் சின்னச் சின்ன வெள்ளைக் கல்லாக வருகிறது. தகவல் சொன்னது டிரைவர். சட்டப்படி சொல்ல வேண்டியவர் நிலத்துக்காரர். நடைமுறையில் டிரைவர்கள்தான் துறையின் கண். போனோம். அண்ணன் தம்பி மூன்று பேர் நிலம். நிலத்தையே எடுத்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் மூத்தவர் முகமே கொடுக்கவில்லை. ஆனாலும் காபி வந்தது. சின்னக் கிண்ணம், கசப்பு. உஸ்தாத் வாங்கிக் கீழே வைத்தார். வாயருகே கொண்டுபோன என்னை ஒரு பார்வை பார்த்தார். நானும் இறக்கிவிட்டேன். அங்கே ஒரு வழக்கம். ஒன்றைக் கேட்டு வந்தவர் காபியைக் குடிக்காமல் வைத்தால், கேட்டது கிடைக்காமல் குடிக்க மாட்டேன் என்று பொருள். வீட்டுக்காரருக்கு அது மானப் பிரச்சினை. காபி ஆறியது. உஸ்தாத் கேட்டது பத்து நாள். மூத்தவர் ஐந்து என்றார். ஏழில் முடிந்தது. ஆறிப்போன காபியை எல்லோரும் ஒரே மடக்கில் குடித்தோம்.

ஏழு நாளில் வெளிவந்தது பழைய திராட்சை ஆலை ஒன்றின் கல் பாவிய தரை. அளந்தோம், வரைந்தோம், மணல் போட்டு மூடினோம். வீட்டுத் தூண் இரண்டு மீட்டர் தள்ளிப் போனது. வீடு அதன் மேலேயே எழும்பியது. இது தோல்வி இல்லையா என்று கேட்டேன். 1700-க்குப் பிந்தைய எதுவும் தொல்பொருளே இல்லை என்று சொன்ன 1966-ஆம் ஆண்டு ஜோர்டான் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் அவர் இருபத்துநான்கு வருடம் வேலை பார்த்தார். கண்ணெதிரே கிழவிகளின் கல்வீடுகளை இடித்தபோது கைகட்டி நின்றிருக்கிறார். ராமல்லாவின் ரிவாக் அமைப்பு கிராமம் கிராமமாகப் போய் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களைப் பதிவு செய்து வைத்தது. புதிய சட்டம் வந்ததோ 2018-இல். அப்படிப்பட்டவருக்கு மணலுக்கடியில் முழுசாக இருக்கும் தரை வெற்றிதான். அவருடைய எல்லை எரிகோ நகரத்தோடு முடிகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஊருக்கு மேற்கே வாதி கெல்ட் ஓரம் ஏரோது மன்னனின் குளிர்கால அரண்மனை இருக்கிறது. அது 'சி' பகுதி, இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் இருப்பது. அவர் அங்கே போகலாம், மற்ற யாரையும் போலப் பார்க்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஹிஷாம் அரண்மனைக்குக் கூட்டிப் போனார். 749 நிலநடுக்கத்தில் விழுந்த உமையா கலீபாக்கள் காலத்து மாளிகை. அதன் குளியல் கூடத்தில் 827 சதுர மீட்டருக்கு மொசைக் தரை. ஜப்பான் உதவியோடு கட்டிய பெரிய கூரை 2021-இல்தான் திறக்கப்பட்டது. மேலே தொங்கும் நடைபாதையில் நின்று பார்க்கலாம். அதற்கு முன் பல பத்தாண்டுகள் அந்தத் தரை மண்ணுக்கடியில்தான் இருந்தது. "இதை நான் பார்த்த நாளைவிட மூடின நாள் அதிகம்," என்றார். இந்த இடத்தை 1935 முதல் 1948 வரை அகழ்ந்தவர் திமித்ரி பரம்கி, பாலஸ்தீனர். கலீபா ஹிஷாமின் பெயர் எழுதிய சில்லு அவர் அகழாய்வில்தான் கிடைத்தது. 1948-க்குப் பிறகு பெய்ரூத் போய்விட்டார். 1959-இல் வந்த பெரிய ஆய்வு நூலின் அட்டையில் இருப்பது ஆங்கிலேயரான ஹாமில்டன் பெயர். உஸ்தாத் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் அலுவலகச் சுவரில் பரம்கியின் படம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வருடம் அங்கே அரசு ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் வரவில்லை. அவருக்கும்தான். மாலையில் தம்பியின் பேரீச்சந் தோப்பில் கணக்கு எழுதினார். நான் கிளம்பும்போது ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தார். பாலத்தில் பிரித்துப் பார்த்தார்கள், கொட்டைகூட மிச்சமில்லாமல் அம்மானில் தீர்ந்தது.

2023 செப்டம்பரில் ரியாத்தில் கூடிய யுனெஸ்கோ குழு டெல் அஸ்-சுல்தானை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் இனிப்புக் கொடுக்கும் படம் அனுப்பினார். மூன்று வாரத்தில் காசாவில் போர்.

2024 ஜூலையில் அதே குழு டெல்லியில் பாரத் மண்டபத்தில் கூடியது. நான் அப்போது சென்னைக்குத் திரும்பியிருந்தேன். 26-ஆம் தேதி நம் பத்திரிகைகள் எல்லாம் அசாமின் மொய்தாம்கள், அஹோம் அரச குடும்பத்தின் கல்லறை மேடுகள், பட்டியலில் சேர்ந்ததை எழுதின. அதே நாள் காசாவின் நுசைரத் பக்கம் டெல் உம் ஆமிரில் இருக்கும் புனித ஹிலாரியன் மடாலயமும் சேர்ந்தது, அவசர முறையில், அபாயப் பட்டியலிலும் சேர்த்தே. நான்காம் நூற்றாண்டில் தொடங்கிய இடம். நேரலையைப் பார்த்துவிட்டு உஸ்தாத்துக்கு எழுதினேன்: உங்கள் நண்பர்? இரண்டு நாள் கழித்துப் பதில். "கூடாரத்தில் இருக்கிறான். வியாழக்கிழமை சிக்னல் கிடைத்தால் பேசுவான்."

2025 பிப்ரவரியில் மழை முடிந்ததும் ஒரு படம் வந்தது. எங்கள் குழி. மேல்மண் ஒரு மூலையில் ஒரு சாண் இறங்கியிருந்தது. எவ்வளவு மண் கொட்டலாம் என்று பார்க்க வடமேற்கு மூலையின் மட்டம் வேண்டும், அலுவலகப் பிரதியில் அந்தப் பக்கம் நனைந்துவிட்டது என்றார். பரணில் தேடி நோட்டை எடுத்தேன். அந்த எண்ணின் மேல் காய்ந்த மண் விரல்தடம். முதல் இலக்கம் 1-ஆ 7-ஆ என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தைப் படமெடுத்து அப்படியே அனுப்பினேன்.

"ஒன்றுதான்," என்று பதில் வந்தது. "ஏழு என்றால் நாம் ஊற்றுக்குள் நின்றிருப்போம். ஏழுக்கு நடுவில் கோடு போடப் பழகு, மகளே."